ஸ்பானிய எதிர்கால வினை சொதப்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒழுங்கு வினைகளுக்கு எதிர்காலம்தான் ஸ்பானியத்தில் மிகச் சுலபமான காலம். வினைகள் அர், எர், இர் என்று முடியும் மூன்று குழுவாக இருந்தாலும் விகுதி ஒரே தொகுப்புதான், மொத்தம் 6. அப்படியிருந்தும் பயிற்சித் தாளில் சிவப்பு மை அடிக்கடி விழும் இடம் இது. விழும் இடங்களும் பெரும்பாலும் அதே சிலதான். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம், வரிசையாகப் படிக்கத் தேவையில்லை.

எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானியச் சொற்களைத் தமிழெழுத்திலேயே தந்திருக்கிறோம். அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் படியுங்கள். எழுத்தின் தலையில் சாய்கோடு, அதாவது தீல்தெ, போடவேண்டிய இடத்தில் ´ என்ற குறி இருக்கும். அகராதி வடிவத்தின் கடைசி அர், எர், இர் மட்டும் குறிலாகவே இருக்கும். உண்மையில் அழுத்தம் அங்கேதான் விழும். விகுதி ஒட்டும்போது உருவம் மாறாமல் தெரியட்டும் என்று அப்படி வைத்திருக்கிறோம்.

## சரியாக ஓடும்போது எப்படி இருக்கும்

அகராதியில் இருக்கும் முழு வடிவத்தை எடுங்கள். எதையும் வெட்டாதீர்கள். அதன் வாலில் விகுதியை ஒட்டுங்கள்.

| யார் | விகுதி | அப்லர் (பேசு) | கொமெர் (சாப்பிடு) | விவிர் (வாழ்) |
|---|---|---|---|---|
| யோ (நான்) | ஏ´ | அப்லரே´ | கொமெரே´ | விவிரே´ |
| தூ´ (நீ) | ஆ´ஸ் | அப்லரா´ஸ் | கொமெரா´ஸ் | விவிரா´ஸ் |
| ஏ´ல், ஏய, உஸ்தேத் (அவன், அவள், மரியாதை நீங்கள்) | ஆ´ | அப்லரா´ | கொமெரா´ | விவிரா´ |
| நொஸோத்ரொஸ் (நாம்) | ஏமொஸ் | அப்லரேமொஸ் | கொமெரேமொஸ் | விவிரேமொஸ் |
| வொஸோத்ரொஸ் (ஸ்பெயினில் நீங்க எல்லாரும்) | ஏ´யிஸ் | அப்லரே´யிஸ் | கொமெரே´யிஸ் | விவிரே´யிஸ் |
| ஏயொஸ், உஸ்தேதெஸ் (அவர்கள், நீங்க எல்லாரும்) | ஆ´ன் | அப்லரா´ன் | கொமெரா´ன் | விவிரா´ன் |

விகுதி மறந்துபோனால் அபெர் என்ற வினையின் நிகழ்காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபே´யிஸ், ஆன். ஐந்தாவதில் மட்டும் முன்னால் உள்ள 'அப்' போய்விடும். பழைய காலத்தில் இந்த வினையையே வாலில் ஒட்டி எதிர்காலம் செய்ததால் வந்த ஒற்றுமை இது.

## அறிகுறி: "பேசுவேன்" என்று சொன்னீர்கள், "பேசினேன்" என்று புரிந்துகொண்டார்கள்

முதலில் பார்க்க வேண்டியது: நடுவில் ர் இருக்கிறதா? அப்லரே´ என்றால் பேசுவேன். அப்லே´ என்றால் பேசினேன். நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மாதக்கணக்கில் அர், எர், இர்-ஐ வெட்டி வெட்டிப் பழகிய கை, எதிர்காலத்திலும் வெட்டிவிடுகிறது. "மன்யான அப்லே´ கொன் ஏய" என்றால் "நாளைக்கு அவளிடம் பேசினேன்" என்று ஆகும். கேட்பவர் குழம்புவதில் வியப்பில்லை.

எர் வினையில் வெட்டினால் வேறு விதமாகக் கெடும். கொமெர்-ஐ வெட்டி ஏ´ போட்டால் கொமே´. புவெனஸ் ஐரிஸில் அது "சாப்பிடு" என்ற ஏவல். நீங்கள் உங்கள் இரவுச் சாப்பாட்டுத் திட்டத்தைச் சொல்ல, எதிரில் இருப்பவர் தன்னைச் சாப்பிடச் சொன்னதாக நினைத்துக்கொள்வார்.

சோதனை எளிது. விகுதிக்கு நேர் முன்னால் ர் ஒலி இருக்க வேண்டும். ஒழுங்கு வினையோ ஒழுங்கற்ற வினையோ, எதிர்காலத்தில் இதற்கு விலக்கே இல்லை. ர் இல்லையென்றால் அது எதிர்காலம் இல்லை.

அடுத்தது: அசை எண்ணுங்கள். ஒழுங்கு வினையின் எதிர்கால வடிவம் பெரும்பாலும் அகராதி வடிவத்தைவிட ஓர் அசை கூடுதலாக இருக்கும். அப்-லர் 2, அப்-ல-ரே´ 3. நொஸோத்ரொஸ் வடிவத்தில் மட்டும் இரண்டு அசை கூடும்: அப்-ல-ரே-மொஸ், 4. எண்ணிக்கை குறைந்தால் பேச்சு வேகத்தில் ஓர் அசையை விழுங்கிவிட்டீர்கள்.

கடைசியாக: உயிரெழுத்து மாறிவிட்டதா? விவெரே´, கொமரே´ என்று வருவது இந்த வகை. எர் குழுவும் இர் குழுவும் வேறு காலங்களில் பல விகுதிகளைப் பங்குபோட்டுக்கொள்வதால், இங்கேயும் ஒன்று மற்றொன்றின் உயிரைக் கடன் வாங்கிவிடுகிறது. அகராதியில் இர் என்றால் இர்தான்: விவிரே´. புதுச் சொல்லைக் குறித்து வைக்கும்போது 'விவ்' என்று வேரை மட்டும் எழுதாமல் 'விவிர்' என்று முழுதாக எழுதினால் இந்தப் பிழை தானே நின்றுவிடும்.

## அறிகுறி: வடிவம் சரி, ஆனால் கடைசி எழுத்தில் வட்டம் விழுகிறது

இது தீல்தெ கோளாறு. நான்கு கிளை உண்டு.

சாய்கோடு போடவே இல்லை. அர் வினைகளில் இது வெறும் எழுத்துப்பிழை இல்லை, பொருளே மாறும். அப்லரா´ என்பது "பேசுவான்". கோட்டை எடுத்தால் அப்லார, அது சப்ஜங்டிவ் (நடந்ததாகச் சொல்லாமல் ஊகம், ஆசை, நிபந்தனை சொல்லும் வினைமுறை) இறந்தகாலம், "அவன் பேசினால்" என்கிற மாதிரியான இடத்தில் வருவது. தூ´ வடிவத்திலும் இதே கதை: அப்லரா´ஸ், அப்லாரஸ். ஏயொஸ் வடிவத்திலும்: அப்லரா´ன், அப்லாரன். யோ வடிவத்தில் கோட்டை எடுத்தால் அப்லாரெ கிடைக்கும். அது பேச்சில் செத்துப்போய் சட்டப் புத்தகத்தில் மட்டும் உயிரோடிருக்கும் ஒரு வடிவம். ஸ்பெயினின் 1995 தண்டனைச் சட்டத்தின் 138ஆம் பிரிவு "எல் கெ மதாரெ அ ஓத்ரொ" என்று தொடங்குகிறது, "மற்றொருவரைக் கொல்பவர்" என்று பொருள். இதன் முழுப் பெயர் சப்ஜங்டிவ் எதிர்காலம். எழுதக் கற்க வேண்டாம், கண்ணில் பட்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தி எர், இர் வினைகளில் கோடு விட்டுப்போனால் பெரும்பாலும் பிடித்துவிடும். ஏனென்றால் அவற்றின் சப்ஜங்டிவ் உருவம் வேறு (கொமியேர, விவியேர), கோடில்லாத 'கொமேர' என்று ஒரு சொல்லே கிடையாது. அர் வினையில் கோடு விட்டாலும் அது இன்னொரு சரியான சொல்தான். திருத்தி வாயைத் திறக்காது. ஆகவே எழுதி முடித்ததும் அர் வினைகளை மட்டும் நீங்களே ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

போடக்கூடாத இடத்தில் போட்டுவிட்டீர்கள். ஆறில் ஐந்துக்குக் கோடு உண்டு, அப்லரேமொஸ்-க்குக் கிடையாது. "எல்லாவற்றுக்கும் போட்டோமே, இதற்கும் போடுவோம்" என்ற நல்லெண்ணத்தில் வரும் பிழை. விதி இதுதான்: உயிர், ன், ஸ் மூன்றில் ஒன்றில் முடியும் சொல்லுக்கு அழுத்தம் இயல்பாகவே கடைசிக்கு முந்தைய அசையில் விழும், அப்படி விழுந்தால் கோடு தேவையில்லை. அப்லரேமொஸ்-இல் அழுத்தம் ரே-யில், கடைசிக்கு முன். மற்ற ஐந்திலும் அழுத்தம் கடைசி அசையில், அதனால் கோடு.

கோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது கைப்பழக்கம். இடப்பக்கம் சாயும் கோடு ஸ்பானியத்தில் கிடையவே கிடையாது. வலப்பக்கம் ஏறுவது மட்டும்தான். பெரிய எழுத்தில் எழுதினாலும் கோடு போட்டே ஆக வேண்டும். "கேபிட்டலுக்குத் தேவையில்லை" என்பது பழைய தட்டச்சுக் காலத்துப் பேச்சு.

அகராதி வடிவத்திலேயே கோடு இருந்தது. ஒயீ´ர் (கேள்), ரெயீ´ர் (சிரி), ஸொன்ரெயீ´ர் (புன்னகை), ஃப்ரெயீ´ர் (எண்ணெயில் பொரி) போன்றவை. விகுதி ஒட்டியதும் அழுத்தம் வாலுக்கு நகர்கிறது, பழைய கோடு உதிர்ந்துவிடும்: ஒயிரே´, ரெயிரே´, ஸொன்ரெயிரே´, ஃப்ரெயிரே´. ஒரே சொல்லில் இரண்டு கோடு தெரிந்தால் முன்னதை அழியுங்கள்.

தட்டச்சுதான் சிக்கல் என்றால்: கைபேசியில் உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடுள்ள வடிவங்கள் மேலே வரும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடியே வலப்பக்க எண்பலகையில் 0233 (எ), 0225 (அ), 0237 (இ). மடிக்கணினியில் தனி எண்பலகை இல்லாவிட்டால் இது வேலை செய்யாமல் போகலாம். அப்போது விசைப்பலகையை 'யுஎஸ் இன்டர்நேஷனல்' என்று மாற்றி, ஒற்றை மேற்கோள்குறியை முதலில் தட்டிப் பிறகு உயிரெழுத்தைத் தட்டுங்கள். மேக்கில் ஆப்ஷன் விசையோடு ஆங்கிலத்தில் 'ஈ' என்று படிக்கும் விசையைத் தட்டி, கையை எடுத்துவிட்டு, வேண்டிய உயிரெழுத்து.

## அறிகுறி: எழுதினால் சரி, வாயால் சொன்னால் யாருக்கும் விளங்கவில்லை

அழுத்தம் தப்பிய இடத்தில் விழுகிறது, அல்லது எங்குமே விழவில்லை. தமிழில் எல்லா அசையையும் கிட்டத்தட்ட ஒரே கனத்தில் சொல்லிப் பழகியிருப்பதால், இரண்டாவதுதான் நம்மிடம் அதிகம்.

வழி: அழுத்தத்தைக் கனம் என்று நினைக்காமல் நீளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நெடில் சொல்ல நமக்குத் தெரியும். இந்த மூன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்: ஆப்ல (பேசுகிறான்), அப்லார, அப்லரா´ (பேசுவான்). நெடில் ஒவ்வோர் அசையாக வலப்பக்கம் நகர்வது காதில் விழ வேண்டும். அடுத்து காந்த, கந்தார, கந்தரா´ (பாடு என்ற வினை). யோ வடிவத்துக்கு ஆப்லொ, அப்லே´, அப்லரே´: பேசுகிறேன், பேசினேன், பேசுவேன்.

சோதிக்கக் காசு செலவில்லை. கைபேசியின் குரல்தட்டச்சை ஸ்பானியத்துக்கு மாற்றி, சொல்லை வாக்கியத்தில் வைக்காமல் தனியாகச் சொல்லுங்கள். வாக்கியமாகச் சொன்னால் கருவி சூழலைப் பார்த்து அதுவே திருத்திக்கொள்ளும், உங்கள் பிழை மறைந்துவிடும். தனிச்சொல்லாகச் சொல்லியும் கோட்டோடு எழுதினால் அழுத்தம் சரி.

இதோடு விடாப்பிடியாக ஒரு ஓசைக் குறை இருந்தால், ர்-ஐ இரட்டிக்கிறீர்களா என்று பாருங்கள். ஒற்றை ர் நாக்கு ஒருமுறை தட்டும் நம் ர தான். உருட்டத் தேவையில்லை.

## அறிகுறி: ஆள் சரி, ஒருமை பன்மை தப்பு

தமிழர்களுக்கே உரிய கோளாறு இது. ஆங்கிலம் வழியாக எழுதப்பட்ட பாடநூல்களில் இதற்கு மருந்து கிடைக்காது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

மரியாதைப் பன்மை. ஒரு பெரியவரிடம் "நீங்கள் பேசுவீர்களா?" என்கிறோம். வினை பன்மை. அந்தப் பழக்கத்தில் உஸ்தேத் அப்லரா´ன் என்று வந்துவிடும். தவறு. ஸ்பானியத்தில் மரியாதை உஸ்தேத் என்ற சொல்லிலேயே முடிந்தது, வினை ஒருமைதான்: உஸ்தேத் அப்லரா´. "அப்பா வருவாங்க" என்பதும் அப்படியே: மி பாத்ரெ யெகரா´. எவ்வளவு பெரிய மனிதரானாலும் ஓர் ஆளுக்கு ஆ´.

அஃறிணைப் பன்மை. "பஸ் வரும்", "பஸ்கள் வரும்". இரண்டுக்கும் தமிழில் ஒரே 'வரும்'. ஸ்பானியம் அப்படி விடாது: எல் அவ்தொபூ´ஸ் யெகரா´, லொஸ் அவ்தொபூஸெஸ் யெகரா´ன். எழுவாய் உயிரில்லாத பொருளாக இருக்கும் வாக்கியங்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள், இந்தப் பிழை அங்கேதான் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்.

குஸ்தர் வினை. "எனக்குப் பிடிக்கும்" என்ற அமைப்பு ஸ்பானியத்திலும் அச்சாக அதேதான், மெ குஸ்தரா´. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் குஸ்தரே´ என்று தடுமாறுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிடிக்கும் பொருள் பலவானால் 'பிடிக்கும்' தமிழில் மாறாது, அங்கே மாறும்: மெ குஸ்தரா´ன் ஏஸஸ் பெலீ´குலஸ், "அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும்".

மக்கள். "ஜனங்க பேசுவாங்க" என்பது தமிழில் பன்மை. ல ஹேந்தெ ஸ்பானியத்தில் ஒருமை: ல ஹேந்தெ அப்லரா´. ல ஃபமீலிய என்ற குடும்பமும் ஒருமையே.

அப்ரா´. "நிறையப் பேர் இருப்பார்கள்" என்பதற்கு அப்ரா´ மூச்ச ஹேந்தெ. பின்னால் பன்மைச் சொல் வந்தாலும் இந்த 'இருக்கும்' ஒருமையிலேயே நிற்கும்: அப்ரா´ மூச்சஸ் பெர்ஸோனஸ். தாய்மொழிக்காரர்களே அப்ரா´ன் என்று சொல்வதைக் கேட்பீர்கள். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

வொஸோத்ரொஸ் பற்றிக் குழப்பம் இருந்தால்: லத்தீன் அமெரிக்காவில் அது வழக்கில் இல்லை, உஸ்தேதெஸ் போட்டு ஆ´ன். அர்ஜென்டினாவில் தூ´-வுக்குப் பதில் வொஸ் வரும், ஆனால் எதிர்கால விகுதி அதே ஆ´ஸ் தான். நிகழ்காலத்தைப் போலத் தனி விகுதி தேட வேண்டாம்.

## அறிகுறி: நீங்கள் உறுதியாகச் சொன்னதை "சும்மா ஒரு பேச்சுக்கு" என்று எடுத்துக்கொள்கிறார்கள்

ஏ´-க்குப் பதில் ஈ´ய விழுந்திருக்கும். அப்லரீ´ய என்பது நிபந்தனை வடிவம். அதுவும் அகராதி வடிவத்தின் வாலிலேயே ஒட்டும் என்பதால் உருவத்தில் இரட்டைப் பிள்ளை போலிருக்கும்: ஈ´ய, ஈ´யஸ், ஈ´ய, ஈ´யமொஸ், ஈ´யயிஸ், ஈ´யன். ஈ ஒலி கேட்டால் நிபந்தனை, கேட்காவிட்டால் எதிர்காலம்.

உருவக் குழப்பம் சீக்கிரம் தீரும். பொருள் குழப்பம் தீர நாளாகும், ஏனென்றால் தமிழில் இரண்டுக்கும் ஒரே 'வாங்குவேன்'. "காசு இருந்தா வாங்குவேன்" என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். காசு இருக்கக்கூடும், பார்த்துவிட்டு வாங்குவேன்: ஸி தேங்கொ தினேரொ, லொ கொம்ப்ரரே´. காசு இல்லை என்று தெரிந்தே சொல்கிறேன்: ஸி துவியேர தினேரொ, லொ கொம்ப்ரரீ´ய. வாக்கியத்துக்குப் பின்னால் "ஆனா எங்க இருக்கு!" என்று மனசுக்குள் சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ஈ´ய. பொருந்தாவிட்டால் ஏ´.

இதே வீட்டில் இன்னொரு கோளாறு: "வருவேன்னு சொன்னான்". இதை அப்படியே கொண்டுபோய் தீஹொ கெ யெகரே´ என்றால், "நான் வருவேன் என்று அவன் சொன்னான்" என்று பொருள், வருவது நீங்கள். இரண்டு மாற்றம் தேவை: ஆளை 'அவன்' ஆக்குங்கள், காலத்தை நிபந்தனையாக்குங்கள். தீஹொ கெ யெகரீ´ய.

## அறிகுறி: விதிப்படி செய்தும் தப்பு என்கிறார்கள்

அது ஒழுங்கு வினை இல்லை. எதிர்காலத்தில் முரண்டு பிடிக்கும் அடிப்படை வினைகள் 12தான். விகுதி மாறாது, அடி மட்டும் மாறும்:

தெனெர் → தெந்த்ரே´, பொனெர் → பொந்த்ரே´, வெனிர் → வெந்த்ரே´, ஸலிர் → ஸல்த்ரே´, வலெர் → வல்த்ரே´. பொதெர் → பொத்ரே´, ஸபெர் → ஸப்ரே´, கபெர் → கப்ரே´, அபெர் → அப்ரே´, கெரெர் → கெர்ரே´. அஸெர் → அரே´, தெஸிர் → திரே´.

இவற்றின் குடும்பத்தில் பிறந்தவையும் இப்படியே போகும்: மந்தெனெர் → மந்தெந்த்ரே´, ஸுபொனெர் → ஸுபொந்த்ரே´. தெஸிர் குடும்பத்தில் மட்டும் பெந்தெஸிர் (ஆசீர்வதி), மல்தெஸிர் (சபி) இரண்டும் ஒழுங்காகவே நடக்கும்: பெந்தெஸிரே´, மல்தெஸிரே´.

ஒழுங்கு வினையை நீங்களே கெடுத்துவிட்டீர்கள். இதுதான் அதிகம். நிகழ்காலத்தில் உயிர் மாறும் வினைகளைக் கற்ற சூட்டோடு பியென்ஸரே´, துவெர்மிரே´, பிதிரே´ என்று எழுதுவது. நிகழ்காலத்தின் முரண்டு எதிர்காலத்துக்கு வராது: பென்ஸரே´, தொர்மிரே´, பெதிரே´, ஹுகரே´. நிகழ்காலத்தில் அடையாளமே தெரியாமல் மாறும் இர் (போ), ஸெர் (இரு) கூட இங்கே சாது: இரே´, ஸெரே´. பொத்ரே´-யைப் பார்த்துவிட்டு தெபெர்-ஐ 'தெப்ரே´' ஆக்காதீர்கள், தெபெரே´ தான்.

வெந்தெரே´, வெந்த்ரே´. முதலாவது "விற்பேன்", வெந்தெர் என்ற ஒழுங்கு வினை. இரண்டாவது "வருவேன்". நடுவில் ஒரே ஓர் உயிர்தான் வித்தியாசம். "நாளைக்கு வருவேன்" என்று சொல்லப்போய் எதையோ விற்றுவிடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் ரியல் அகாதெமிய எஸ்பன்யோலவின் இணைய அகராதியில் வினையைத் தேடுங்கள். முழு வினைத்திரிபுப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். அதில் சப்ஜங்டிவ் எதிர்காலத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது இந்திகதீவொ (நேரடியாகச் செய்தி சொல்லும் வினைமுறை) பகுதியில் உள்ள எதிர்காலம்.

## அறிகுறி: சொல் நீண்டு வால் முளைத்துக் கிடக்கிறது

லெவந்தர்ஸெரே´ மாதிரி எழுதியிருந்தால் இது. அகராதியில் லெவந்தர்ஸெ (எழுந்திரு) என்று ஸெ-யோடு இருப்பதை முழு வடிவம் என்று எண்ணி ஒட்டியிருக்கிறீர்கள். ஸெ-யைக் கழற்றி, ஆளுக்கேற்ப மாற்றி, முன்னால் தனிச்சொல்லாக வையுங்கள்: மெ லெவந்தரே´, தெ லெவந்தரா´ஸ், ஸெ லெவந்தரா´, நொஸ் லெவந்தரேமொஸ். "அதை வாங்குவேன்" என்பதிலும் 'அதை' முன்னால்தான்: லொ கொம்ப்ரரே´.

## அறிகுறி: வினை சரி, வாக்கியம்தான் உதைக்கிறது

இரண்டு எதிர்காலம் ஒன்றாக வந்துவிட்டதா? வோய் அ அப்லரே´ என்பது "பேசப் போகிறேன்", "பேசுவேன்" இரண்டையும் ஒட்டிய கலவை. வோய் அ அப்லர், அல்லது அப்லரே´. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பேச்சில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், "போகிறேன்" வடிவம்தான் அதிகம். "நாளைக்குப் பேசறேன்" என்று நாம் நிகழ்காலத்தைப் போடுவதுபோல் மன்யான ஆப்லொ கொன் ஏய என்றும் சொல்லலாம்.

முன்னால் ஸி இருக்கிறதா? "மழை பெய்தால்" என்ற பொருளில் ஸி வந்தால் அதன் பக்கத்தில் எதிர்காலம் கூடாது: ஸி யுவேவெ, கொமெரேமொஸ் என் காஸ. "பெய்யுமா என்று தெரியவில்லை" என்ற பொருளில் தாராளமாக வரலாம்: நோ ஸே´ ஸி யொவெரா´.

க்வாந்தொ? "நான் வரும்போது" என்பதில் எதிர்காலம் கூடாது, சப்ஜங்டிவ்: க்வாந்தொ யேகெ. "எப்போது வருவாய்?" என்ற கேள்வியில் எதிர்காலமே: க்வா´ந்தொ யெகரா´ஸ்? கோடு போட்ட க்வா´ந்தொ கேள்வி என்று நினைவில் வைத்தால் போதும்.

## அறிகுறி: எதிர்காலம் என்று படித்தால் பொருள் ஒட்டவில்லை

ஸெரா´ன் லஸ் த்ரேஸ். "மூன்று மணி ஆகப்போகிறது" என்று மொழிபெயர்த்தால் தப்பு. "இப்ப மணி மூணு இருக்கும்" என்பதே பொருள். தோ´ந்தெ எஸ்தரா´? "எங்க இருப்பான்?" எஸ்தரா´ என் காஸ, "வீட்டுல இருப்பான்". தெந்த்ரா´ த்ரேயிந்த ஆன்யொஸ், "வயசு முப்பது இருக்கும்". ஊகத்துக்கு எதிர்கால வடிவம் போடுவது நமக்குப் பழக்கம்தான். ஆங்கிலத்தை நடுவில் கொண்டுவந்தால் மட்டுமே இது சிக்கலாகத் தெரியும்.

கட்டளையிலும் வரும். பத்துக் கட்டளைகளில் "கொலை செய்யாதே" என்பது ஸ்பானியத்தில் நோ மதரா´ஸ்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

தீல்தெ, வெட்டு, ஒருமை பன்மை ஆகிய மூன்றும் பட்டியலும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே தீரும். காசு கொடுத்து வகுப்பில் சேரத் தேவையில்லை.

அழுத்தம் வேறு. குரல்தட்டச்சுச் சோதனையில் இரண்டு மூன்று வாரம் கழித்தும் அப்லரா´-வும் அப்லார-வும் ஒன்றாகவே விழுகிறதென்றால், தாய்மொழிக்காரர் ஒருவரோடு சில அமர்வு பேசுங்கள். இலக்கணப் பாடம் கேட்காதீர்கள். மேலே சொன்ன மூன்று சொல் வரிசையை நீங்கள் கலைத்துச் சொல்ல, அவர் எதைக் கேட்டார் என்று மட்டும் சொல்லட்டும்.

ஸ்பானிய மொழித்திறனுக்குச் சான்றிதழ் தரும் டெலே தேர்வு எழுதப்போகிறவர்கள், ஸி, க்வாந்தொ, ஊகம் மூன்றிலும் தொடர்ந்து சறுக்கினால் எழுதியதை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்துவது நல்லது. அந்தப் பிழைகளை எழுத்துப்பிழைத் திருத்தி காட்டாது. தேர்வை நடத்துவது இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ். இந்தியாவில் அதன் மையம் புது தில்லியில் இருக்கிறது.

ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், நீதிமன்றத் தாள் என்றால் முதல் நாளே நிபுணரிடம் போங்கள். அங்கே எதிர்கால வடிவம் கடமையைக் குறிக்கும்: எல் அர்ரெந்ததாரியொ பகரா´, "குடியிருப்பவர் செலுத்த வேண்டும்". கோடு ஒன்று விட்டுப்போனால் பகார ஆகி, கடமை காணாமல் போகும். அதே வினையின் யோ வடிவமான பகரே´ பெயர்ச்சொல்லாக வந்தால் புரோநோட்டு. ஸ்பெயின் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மொழிபெயர்ப்பு என்றால், அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரின் முத்திரையை வழக்கமாகக் கேட்பார்கள். அவர்களைத் த்ரதுக்தோர் ஹுராதொ என்று கேட்டுத் தேடுங்கள்.